நட்பு நாடுகளின் பிணக்கும் வானூர்தி வணிகமும்: பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம்?



மாணவர்கள் கேட்கும் சில கேள்விகள் ஆண்டுகள் பல கடந்தாலும் ஆசிரியர் மனத்தை விட்டு நீங்குவதில்லை. 2019 ஆம் ஆண்டு ஜனவரி மாதம். புதிய பள்ளியாண்டு தொடங்கிய முதல் வாரம். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் என் மேசையருகே வந்து நின்று, "டீச்சர், சிங்கப்பூர் நமக்கு எதிரி நாடா?" என்று கேட்டான்.

அவனுடைய தந்தையார் சிங்கையில் வேலை செய்பவர். வாரக் கடைசியில் மட்டும் குளுவாங்கிற்கு வந்து போவார். நம் வகுப்பறைகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். எதிரி நாடு என்றால் அப்பா அங்கே ஏன் வேலை செய்கிறார் என்ற அடுத்த கேள்வியை அவன் கேட்கவில்லை. ஆனால் அது அவன் முகத்தில் தெரிந்தது.

அந்தக் கேள்விக்குக் காரணம், அவ்வேளையில் நாளிதழ்களையும் தொலைக்காட்சியையும் நிறைத்திருந்த செலேத்தார் விமான நிலையப் பிணக்கு. பிணக்கு தீர்ந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் அதிலிருந்து ஆசிரியர்களும் பெற்றோர்களும் கற்க வேண்டிய பாடத்தை நாம் இன்னும் முறையாகக் கற்கவில்லை என்பது என் கருத்து. ஆகவே அதனை இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

சிங்கப்பூரின் வடகிழக்கே, ஜொகூர் நீரிணைக்கு அருகில் உள்ளது செலேத்தார் விமான நிலையம். நீரிணையின் இந்தப் பக்கம் நம்முடைய பாசிர் கூடாங். சாங்கி விமான நிலையத்தில் பெரிய ஜெட் விமானங்களுக்கு இடம் தேவைப்பட்டதால், சுழல்விசிறி கொண்ட சிறிய விமானங்களைச் செலேத்தாருக்கு மாற்றச் சிங்கப்பூர் முடிவு செய்தது. அதற்காக 8 கோடி சிங்கப்பூர் வெள்ளிச் செலவில், ஆண்டுக்கு 7 இலட்சம் பயணிகளைக் கையாளத்தக்க புதிய முனையம் ஒன்றைக் கட்டி 2018 நவம்பர் 19 ஆம் நாள் திறந்தது.

அங்கே மாற வேண்டியிருந்த நிறுவனம் நம் நாட்டின் ஃபயர்ஃபிளை. சுபாங், ஈப்போ, குவாந்தான் ஆகிய ஊர்களிலிருந்து சிங்கைக்குச் சிறிய ஏ.டி.ஆர். விமானங்களை இயக்கி வந்த நிறுவனம் அது. நாளொன்றுக்கு 20 பறப்புகள். டிசம்பர் முதல் நாளிலிருந்து அவை செலேத்தாரில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அதே நாளிலிருந்து அந்நிறுவனம் தன் சிங்கப்பூர்ச் சேவை அனைத்தையும் நிறுத்தி வைத்தது.

காரணம், விமானங்கள் தரையிறங்குவதற்குச் சிங்கப்பூர் அறிவித்திருந்த கருவிவழி முறை. ஆங்கிலத்தில் ஐ.எல்.எஸ். என்பார்கள். ஓடுபாதையின் அருகிலிருந்து இரண்டு வானொலிக் கற்றைகள் மேல்நோக்கி அனுப்பப்படும். ஒன்று விமானம் இடமா வலமா விலகுகிறது என்பதைக் காட்டும். மற்றொன்று அது உயரமா தாழ்வா என்பதைக் காட்டும். விமானம் ஏறத்தாழ 3 பாகைச் சாய்வில் நேர்கோட்டில் இறங்கும். பாகைமானியை வைத்துக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் இது விளங்கும். ஓடுபாதையிலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில் விமானத்தின் உயரம் சுமார் 260 மீட்டர்தான் இருக்கும். அந்தக் கோடு நீரிணையைத் தாண்டிப் பாசிர் கூடாங்கின் மேல் செல்கிறது. இதுதான் சிக்கல்.

இரு பக்க நியாயங்கள்

மலேசியா சொன்னது இது: அந்தக் கோடு எங்கள் மண்ணின் மேல் வருகிறது. அதனால் பாசிர் கூடாங்கில் எழுப்பப்படும் கட்டடங்களுக்கும் துறைமுகப் பாரந்தூக்கிகளுக்கும் உயரக் கட்டுப்பாடு வந்துவிடும். எங்கள் ஊரின் வளர்ச்சி உங்கள் விமான நிலையத்தால் தடைபடலாமா?

சிங்கப்பூர் சொன்னது இது: விமானங்கள் பல காலமாகப் பறந்து வரும் அதே வழிதான் இது. கருவி முறை பாதுகாப்பை மேலும் உறுதிப்படுத்துகிறது. புதிய கட்டுப்பாடு எதுவும் இல்லை.

இவற்றுள் எதையும் நகைத்து ஒதுக்கிவிட இயலாது. 1944 ஆம் ஆண்டு சிக்காகோவில் செய்யப்பட்ட அனைத்துலக உடன்படிக்கையின் முதல் விதியே, ஒவ்வொரு நாட்டிற்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழு இறைமை உண்டு என்பதுதான். ஆகவே மலேசியா கேட்டது வீண் பிடிவாதம் அன்று. அதே வேளையில், தெற்கு ஜொகூரின் வான்வெளியில் போக்குவரத்தை நெறிப்படுத்தும் பணி 1974 ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி சிங்கப்பூரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆகவே சிங்கப்பூர் செய்ததும் எங்கிருந்தோ வந்த அத்துமீறல் அன்று.

பேசித் தீர்க்கத்தக்க இச்செய்தி சில வாரங்களில் முற்றியது. அதே வேளையில் ஜொகூர் துறைமுக எல்லை குறித்துக் கடலிலும் ஒரு பிணக்கு எழுந்திருந்தது. 1974 உடன்பாட்டின்படி ஒப்படைத்த பொறுப்பைத் திரும்பப் பெறப்போவதாக மலேசியா அறிவித்தது. 2019 ஜனவரி 2 ஆம் நாள் பாசிர் கூடாங்கின் மேல் 2,000 அடி முதல் 5,000 அடி வரையிலான வான்வெளி தடைசெய்யப்பட்ட பகுதி ஆயிற்று. என் மாணவன் கேட்ட கேள்வி அந்த வாரத்தில்தான் பிறந்தது.

இழந்தவர்கள் யார்?

நம் மலாய் நண்பர்களிடம் ஒரு பழமொழி உண்டு. யானையும் யானையும் பொருதினால் நடுவில் நிற்கும் சருகுமான் சாகும் என்பார்கள். வானூர்தித் துறையில் அது அப்படியே பலித்தது.

சிங்கப்பூரின் பெரிய நிறுவனம் எதையும் இழக்கவில்லை. நம் நாட்டின் பெரிய நிறுவனங்களும் சாங்கிக்கு வழக்கம்போல் பறந்தன. நின்று போனவை சின்னஞ்சிறு விமானங்கள். அதுவும் பள்ளி விடுமுறையும் திருமணங்களும் பயணங்களும் மிகுந்த டிசம்பர் மாதத்தில். ஈப்போவிலிருந்து சிங்கைக்கு வேலைக்குச் சென்றவர் குடும்பத்தைப் பார்க்க இரவெல்லாம் பேருந்தில் அமர்ந்து வர வேண்டியதாயிற்று. குவாந்தானுக்கும் அதே நிலைமை. விமானிகளும் பணிப்பெண்களும் இருந்தார்கள், விமானங்கள் இருந்தன, பயணிகளும் இருந்தார்கள், வழி மட்டும் இல்லை. அக்கரையிலோ, பல கோடியில் கட்டிய முனையம் அந்தப் பயணிகளின்றிக் காத்துக் கிடந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. விமான நிறுவனம் விற்பது இருக்கையை. இன்றைய பறப்பில் விற்காத இருக்கையை நாளைக்கு விற்க முடியாது. கடைக்காரர் அரிசி மூட்டையை ஒரு மாதம் கழித்தும் விற்கலாம். விமானத்தில் வீணான இடம் வீணானதுதான். ஆனால் விமானத்திற்கான தவணையும் வாடகையும் ஊழியர் சம்பளமும் பராமரிப்பும் நிற்பதில்லை. அதனால்தான் அரசுகளுக்கு 'சில வாரப் பேச்சுவார்த்தை' என்று தோன்றுவது சிறிய நிறுவனத்திற்குப் பேரிழப்பாக முடிகிறது.

இது முதல் முறையன்று

நம் இரு நாடுகளும் வானத்தில் பிணங்கியது இது முதல் முறையன்று.

1947 இல் மலாயன் ஏர்வேய்ஸ் என்ற பெயரில் பறக்கத் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய மாஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆகிய இரண்டிற்கும் தாய். 1965 ஆகஸ்டு 9 ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடான பிறகும், மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்ற பெயரில் அந்நிறுவனம் கூட்டுக்குடும்பமாகவே நீடித்தது. ஆனால் இரு பிள்ளைகளின் தேவையும் வேறு. சபா, சரவாக், தீபகற்பத்தின் சிறு நகரங்கள் ஆகியவற்றை இணைக்கும் உள்நாட்டுச் சேவை மலேசியாவுக்குத் தேவைப்பட்டது. சிங்கப்பூருக்கு உள்நாட்டு வழி என்று ஒன்றே கிடையாது. அயல்நாட்டு வழிகள்தாம் அதற்கு உயிர். 1972 அக்டோபரில் பாகப்பிரிவினை நடந்து முடிந்தது. போயிங் ஜெட் விமானங்களும் தொலைதூர வழிகளும் அக்கரைக்குச் சென்றன. உள்நாட்டு வழிகளும் ஃபொக்கர் விமானங்களும் இக்கரையில் நின்றன.

அடுத்தது கான்கார்டு. ஒலியை விஞ்சும் வேகம் கொண்ட அந்த விமானத்தைப் பிரிட்டிஷ் ஏர்வேய்ஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் கூட்டாக இயக்கின. இலண்டனிலிருந்து பஹ்ரேன் வழியாகச் சிங்கப்பூருக்கு 1977 டிசம்பரில் சேவை தொடங்கியது. மூன்று முறை போய் வந்ததோடு நின்றுவிட்டது. மலாக்கா நீரிணையின் மேல் எழும் இரைச்சலைக் காட்டி மலேசியா இசைவு மறுத்தது. 1979 இல் வழியை மாற்றி மீண்டும் தொடங்கினார்கள். இந்தியாவும் தன் வான்வெளியில் ஒலியை விஞ்சிய வேகத்திற்கு இசையவில்லை. 1980 இல் அச்சேவை முற்றாகக் கைவிடப்பட்டது. பிரிட்டன், மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் 1971 முதல் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டில் ஒன்றாக இருப்பவை என்பதை நினைவிற்கொள்க. போர் வந்தால் கலந்து பேசித் துணை நிற்போம் என்று கூடிய நாடுகளே ஒரு விமானம் பறக்கும் வழியில் உடன்பட இயலவில்லை.

பிணக்கு மட்டுமா? நம்பிக்கைக் குறைவும் வணிகத்தை முடக்கும். கோலாலம்பூர்-சிங்கப்பூர் பயணம் ஒரு மணி நேரம்தான். ஆனால் பல்லாண்டுகளாக அந்த வழியின் பெரும்பகுதி இரு தேசிய நிறுவனங்களின் கையிலேயே இருந்தது. மலிவுக் கட்டண நிறுவனங்களுக்கு 2008 பிப்ரவரி முதல் நாளில்தான் கதவு திறந்தது. அதன் பயனைப் பாருங்கள். 2018 இல் ஆண்டுக்கு 30,000க்கும் மேற்பட்ட பறப்புகளோடு, உலகிலேயே மிகுதியான பறப்புகள் கொண்ட அனைத்துலக வழியாக அது கணக்கிடப்பட்டது. இரு அரசுகளும் ஒன்றையொன்று நம்பியதால் விளைந்த பயன் இது.

நண்பர்களின் பிணக்கே வணிகத்தை அதிகம் வருத்தும்

பகை நாடுகளுக்கிடையே பிணக்கு வந்தால்தான் விமான வணிகம் கெடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மை வேறு. பகை நாடுகளுக்கிடையே முன்பே விமானங்கள் குறைவு. அங்கே இழப்பதற்கு அதிகம் இல்லை. நட்பு நாடுகளுக்கிடையேதான் நாள்தோறும் பறப்புகள், பகிர்ந்துகொண்ட வான்வெளி, எல்லை தாண்டிய வேலை, எல்லை தாண்டிய உறவு எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. அங்கே ஒரு நூலை இழுத்தால் முழுத் துணியும் சுருங்கும்.

இதற்கு உலகறிந்த சான்று கத்தார். கத்தாரும் சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளும் பஹ்ரேனும் 1981 முதல் வளைகுடாக் கூட்டமைப்பில் உடன்பிறப்புகள். 2017 ஜூன் 5 ஆம் நாள் அந்த மூன்று நாடுகளும் எகிப்தும் கத்தாருடன் உறவை முறித்துத் தங்கள் வான்வெளியைக் கத்தார் விமானங்களுக்கு மூடின. கத்தார் ஏர்வேய்ஸ் 18 நகரங்களுக்கான சேவையை ஒரே மூச்சில் இழந்தது. மற்ற விமானங்கள் ஈரான் வழியாகச் சுற்றிச் சென்றன. சுற்றிச் சென்றால் எரிபொருள் கூடும், நேரம் கூடும். அந்த நிதியாண்டில் அந்நிறுவனம் சுமார் 6 கோடியே 90 இலட்சம் அமெரிக்க டாலர் இழப்பைக் காட்டியது. மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2021 ஜனவரியில்தான் சமரசம் ஏற்பட்டது.

அவர்கள் மூன்றரை ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். நாம் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டோம்? இங்கேதான் நம் கதை மாறுகிறது.

எப்படித் தீர்ந்தது?

2019 ஜனவரி 8 ஆம் நாள் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் சந்தித்தார்கள். நம் சார்பில் சைஃபுடின் அப்துல்லா, சிங்கப்பூர் சார்பில் விவியன் பாலகிருஷ்ணன். சிங்கப்பூர் தன் கருவி முறையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க, மலேசியா தன் தடையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. பின்னர் போக்குவரத்து அமைச்சர்கள் அந்தோணி லோக், கோ பூன் வான் ஆகியோரின் பேச்சு தொடர்ந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் உடன்பாடு வந்தது. சிங்கப்பூர் கருவி முறையை மீட்டுக்கொண்டது. மலேசியா தடையைக் காலவரையறையின்றி நிறுத்தி வைத்தது. அதற்கு மாற்றாக, துணைக்கோள் வழிகாட்டும் ஜி.பி.எஸ். முறையில் தரையிறங்க வழி வகுப்பது என்று இரு தரப்பும் ஏற்றன. ஏப்ரல் பிற்பகுதியில் ஃபயர்ஃபிளை விமானம் சுபாங்கிலிருந்து சென்று செலேத்தாரில் இறங்கியது.

யார் வென்றார்? யார் தோற்றார்? இரு தரப்பும் ஒவ்வோர் அடி பின்வாங்கின. தரையிலிருந்து எழும் நேர்கோட்டுக் கற்றைக்குப் பதிலாக வேறொரு தொழில்நுட்பம் வந்ததும் முடிச்சு அவிழ்ந்தது. பொறியியலாளர்கள் முதலிலேயே ஒன்றாக அமர்ந்து வரைபடத்தைப் பார்த்திருந்தால், அந்த நான்கரை மாத இழப்பைத் தவிர்த்திருக்கலாம் அல்லவா? என்னைக் கேட்டால், தொழில்நுட்பக் கேள்வியை மேடைக் கேள்வியாக்கியதுதான் இரு தரப்பின் பிழை.

உரிமையை விட்டுக்கொடுப்பதா?

இதைப் படிக்கும் சிலருக்கு ஐயம் எழலாம். "அப்படியானால் நம் வான்வெளி உரிமையைக் கேட்காமல் வாய்மூடி இருக்க வேண்டுமா?" வேண்டாம். கேட்கத்தான் வேண்டும். மலேசியா கேட்டதால்தான் மாற்று வழி கிடைத்தது. பாசிர் கூடாங்கில் வாழும் பிள்ளைகளின் எதிர்காலத்திற்காகக் குரல் கொடுப்பது அரசின் கடமை. நான் சொல்வது வேறு. உரிமையைக் கேட்பது ஒன்று. கேட்கும் போது எதிரில் இருப்பவரைப் பகைவர் என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது மற்றொன்று. முன்னது நாட்டுப்பற்று. பின்னது நாட்டுப்பற்றின் வேடமிட்ட வெறுப்பு.

எதிரி என்ற சொல்லின் பொருளை எங்கள் குளுவாங் நன்றாக அறியும். ஊரில் வானூர்தித் தளம் ஒன்று உண்டு. இன்று அது தரைப்படையின் வான்பிரிவு இயங்கும் முகாம். 1942 ஜனவரி இறுதியில் ஜப்பானியப் படை அத்தளத்தைக் கைப்பற்றிச் சிங்கப்பூரைத் தாக்கப் பயன்படுத்தியது. இந்த ஊரிலிருந்து எழுந்த விமானங்கள் அந்த ஊரில் குண்டு போட்டன. பகை என்றால் அது. தரையிறங்கும் கோணம் பற்றிய கருத்து வேறுபாடு பகை அன்று. இந்த வேறுபாட்டைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிய வைக்க நம்மால் முடியும். நாம்தான் செய்ய வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

ஆசிரியர்களே, பெற்றோர்களே, என் பட்டறிவிலிருந்து மூன்று கருத்துகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: இத்தகைய செய்தி வரும்போது வரைபடத்தை விரியுங்கள். ஜொகூர் எங்கே, நீரிணை எங்கே, விமான நிலையம் எங்கே என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். இடத்தைப் பார்த்தவுடன் கோபம் பாதி குறைந்துவிடும். எஞ்சுவது கேள்வி. கேள்விதான் கல்வியின் தொடக்கம்.

இரண்டு: இரு தரப்பின் நியாயத்தையும் பிள்ளைகளைக் கொண்டே பேச வைத்துப் பாருங்கள். வகுப்பை இரு குழுவாக்கி, ஒரு குழு பாசிர் கூடாங்காகவும் மறு குழு செலேத்தாராகவும் பேசட்டும். பிறகு இடம் மாறிப் பேசட்டும். அன்று என் வகுப்பில் இதைச் செய்தேன். முதலில் இரைச்சல்தான் மிகுந்தது. இடம் மாறிய பிறகு குரல்கள் தாழ்ந்தன.

மூன்று: வீட்டில் பேசும் சொற்களைக் கவனியுங்கள். உணவு மேசையில் நாம் உதிர்க்கும் 'அவனுங்க எப்போதும் அப்படித்தான்' என்ற சொல் பிள்ளையின் நெஞ்சில் ஆழமாகப் பதியும். அந்தச் 'அவனுங்க'ளோடுதான் நாளை அவன் வேலை செய்வான், வணிகம் செய்வான், பெண் எடுக்கவும் கொடுக்கவும் செய்வான்.

அந்த மாணவனுக்கு நான் என்ன விடை சொன்னேன் என்று கேட்பீர்கள். "எதிரி இல்லையப்பா. பக்கத்து வீடு. வேலியைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. பேசி முடித்ததும் விமானம் பறக்கும்" என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அப்பா வெள்ளிக்கிழமை வருவாரா?" என்று கேட்டான். வருவார் என்றேன். ஓடிவிட்டான்.

அவன் இப்போது இளைஞன். நாளை விமானியாகவோ பொறியியலாளராகவோ அரசு அதிகாரியாகவோ அந்த மேசையில் அமரக்கூடும். அப்போது அவன் கையில் இருக்க வேண்டியது வரைபடமும் பொறுமையும்தான். அவற்றைக் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது.

சிந்திப்போம் அன்பர்களே.